ஆர்க்காட்டு நவாபின் கடனும் திருப்பதிக் காணிக்கையும்

அரசுகள் கடனைத் திருப்பித் தாராமை புதிய நிகழ்வன்று. 1557இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு கடன் செலுத்துதலை நிறுத்தினார். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்தது. இவ்வரலாற்றில் இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டப் பகுதிக்கும் இடமுண்டு. அரசன் தாராத கடன் யார்மீது இறங்குகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருநாடகப் போர்களில் நவாப் முகமது அலி வாலாஜாவின் பக்கம் நின்று போரிட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, போர்ச்செலவை அவர் கணக்கில் கடனாக எழுதியது. அக்கடனுக்கு ஈடாகத் திருமலைக் கோயில் வருவாய் 1750களில் கம்பெனிக்கு ஒதுக்கப்பெற்றது. 1753இல் முகமது கமால் என்பார் திருப்பதியைக் கைப்பற்ற முயன்றதும், கம்பெனிப் படை அவரை எதிர்த்ததும் இவ்வருவாயின் பொருட்டே எனலாம். அடியவர் இறைவனுக்கு இட்ட காணிக்கை, அவர் அறியாத கடனுக்கு வாயிலாயிற்று.

நவாப், பால் பென்பீல்டு முதலிய கம்பெனி ஊழியரிடமும் தனிக்கடன் பெற்றார். அவற்றுக்கு மாவட்டங்களின் நிலவரி வருவாயை ஈடு காட்டினார். கடன் தீரவில்லை; 1767, 1777 ஆகிய ஆண்டுகளில் தொகுத்து எழுதப்பட்டது. கடன்களின் உண்மையை ஆராயாமலே செலுத்த இங்கிலாந்து அரசு இசைந்ததை எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28இல் பாராளுமன்றத்தில் கடுமையாகக் கண்டித்தார்.

1801 உடன்படிக்கையால் கருநாடக ஆட்சி முழுவதும் கம்பெனி வசமாயிற்று. 1805க்குப் பின் ஆணையர்கள் கடன்களை ஆராய்ந்தனர். மூன்று கோடி பவுண்டை எட்டிய கோரிக்கைகளுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே ஏற்கத்தக்கதெனக் கண்டனர். எஞ்சியவற்றுள் பொய்ப்பத்திரங்களும் பல. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காட்டு மாவட்ட நிர்வாகம் கோயிலையும் மேற்பார்த்தது. 1843இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, அரசின் கடன்தவறல் 'தாரேன்' என்னும் மறுப்பாக மட்டும் அமைவதில்லை. தவணை நீட்டலாகவும், இறுதியில் ஆட்சியுரிமை இழப்பாகவும் அமையும். மற்றொன்று, கையெழுத்திட்டவர் நவாப்; கொடுத்தவரோ உழவரும் அடியவருமே. அரசுக்கடனின் வரலாற்றை எழுதுவோர் பத்திரங்களோடு நில்லாது, வரிக்கணக்குகளையும் கோயிற்கணக்குகளையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.