நிறத்துக்கு ஒரு வாடகை

ஊர்விட்டு ஊர் பெயர நினைப்பவன் முதலில் விசாரிப்பது வேலையை. அடுத்து விசாரிப்பது வீட்டை. கூலி எவ்வளவு, குடிக்கூலி எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது எவ்வளவு என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்த பின்னரே மூட்டையைக் கட்டுவான். ஏழை எந்த நாட்டில் பிறந்தாலும் போடும் கணக்கு இது. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், பருத்திக் காட்டில் பாடுபட்டுப் பட்டினி கிடந்த கறுப்பரும் இந்தக் கணக்கைத்தான் போட்டனர். பிழையில்லாத கணக்குதான்! எனினும் சிகாகோ நகரம் அதில் இன்னோர் இலக்கத்தைச் சேர்த்தது. வீட்டுக்கு ஒரு விலை. அதற்கு மேல் தோலுக்கு ஒரு விலை!

1916-ஐ ஒட்டித் தொடங்கி 1970 வரை, ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பர் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் சென்றனர். ‘பெரும் பெயர்ச்சி’ என்று வரலாறு அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறது. முதல் உலகப் போர் மூண்டதும் ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு ஆள் வருவது நின்றது. இறைச்சிக் கூடங்களும் எஃகு ஆலைகளும் ஆளின்றித் திகைத்தன. தெற்கிலோ, அடிமை விலங்கு ஒடிந்து அரை நூற்றாண்டு ஆகியும் கடன் விலங்கு ஒடியவில்லை. பருத்தியை வண்டு தின்றது. வண்டு விட்டுவைத்ததைப் பண்ணை முதலாளி தின்றார். வாக்குச்சாவடிப் பக்கம் தலை காட்ட முடியாது. வெள்ளையர் கும்பல் ஒருவனை மரத்தில் தொங்கவிட்டால், ஏன் என்று கேட்க நீதிமன்றம் கிடையாது. இந்த இருட்டில் ஓர் ஏடு விளக்கேந்தி வந்தது. 1905-இல் ராபர்ட் அபட் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழை, இரயில் வண்டிகளில் பணிபுரிந்த கறுப்பர் கட்டுக் கட்டாகத் தெற்கே எடுத்துச் சென்றனர். படித்தவன் படிக்காதவனுக்குப் படித்துக் காட்டினான். “வேலை கிடைக்குமா? குடும்பத்தோடு தங்க இடம் கிடைக்குமா?” என்று அந்த இதழுக்கு மடல்கள் குவிந்தன.

வேலை கிடைத்தது. இடம்?

1910-இல் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பர் 44,103 பேர். 1920-இல் 1,09,458 பேர். மக்கள் தொகை இரண்டரை மடங்கு ஆயிற்று. அவர்கள் குடியிருக்க விடப்பட்ட பகுதியோ, நகரின் தென்புறத்தில் ஸ்டேட் தெருவை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாகவே இருந்தது. போர்க்காலத்தில் ஒரே நாளில் வீடு கேட்டு வந்த கறுப்பர் 664 பேர் என்றும், அன்று கைவசமிருந்த வீடுகள் 50 மட்டுமே என்றும் 1922-இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை கூறுகிறது. பட்டையைத் தாண்டிக் கால் வைத்தவருக்கு என்ன கிடைத்தது? வெடிகுண்டு! 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை 58 குண்டுகள் வெடித்தன. கறுப்பர் குடியேறிய வீடுகளும், அவர்களுக்கு வீடு விற்ற தரகர்களின் இடங்களுமே இலக்கு. இதற்கிடையில் 1919 ஜூலையில் ஏரிக்கரையில் மூண்ட கலவரம் 38 உயிர்களைக் குடித்தது.

குண்டு வீசுவது நாகரிகமில்லை என்று கருதிய கனவான்களும் இருந்தனர். அவர்கள் கையில் எடுத்தது பேனா. தெருவிலுள்ள வீட்டுக்காரர்கள் கூடி, கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்தனர். 1927 முதல் நகரின் வீட்டு மனைத் தரகர் மன்றமே மாதிரிப் பத்திரம் தந்து ஊக்கியது. வாஷிங்டன் பூங்கா வட்டாரத்து உடன்படிக்கையில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை ஊன்றிப் படிக்க வேண்டும். கட்டடப் பணியாளும் காரோட்டியும் வீட்டு வேலைக்காரியும் கறுப்பராக இருக்கலாமாம்; அடித்தளத்திலோ, பின்புறக் கொட்டிலிலோ, வேலையாள் அறையிலோ தங்கலாமாம்! துடைக்கவும் துவைக்கவும் அந்தக் கறுப்புக் கை வேண்டும்; அதே கை வாடகைப் பணத்தை நீட்டினால் மட்டும் தெருவின் தூய்மை கெட்டுவிடும்! ‘வீடு வாடகைக்கு’ என்று தொங்கும் பலகையில், எழுதாமலே எழுதியிருக்கும் நிபந்தனையைப் படிக்கப் பழகியவர்கள் நாம். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேலி போட்டாயிற்று. வேலிக்குள் ஆண்டுதோறும் ஆள் பெருகிற்று, வீடு பெருகவில்லை. குடியிருப்பவன் கோபித்துக்கொண்டு வேறிடம் போக முடியாது என்பதை அறிந்த வீட்டுக்காரன் கூரையை ஏன் சீர்படுத்துவான்? வாடகையை ஏன் ஏற்றாமல் இருப்பான்? எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் 1941-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழு அறைகள் கொண்ட வீடு, வெள்ளையருக்கு விட்டால் மாதம் 50 டாலர். அதையே ஏழாகத் தடுத்து, அறைக்கோர் அடுப்பும் தொட்டியும் வைத்து, அறைக்கு வாரம் 6 டாலர் என்று கறுப்பருக்கு விட்டால் வாரம் 42 டாலர்! நான்கே வாரத்தில் 168 டாலர். குறைந்த கூலி பெறுபவன் மும்மடங்குக்கு மேல் கொடுக்கிறான். பெறுவதோ ஏழில் ஒரு பங்கு இடம். ஒற்றை அறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பிடம். பின்னர், ‘கறுப்பர் வந்தால் வட்டாரமே பாழாகும்’ என்று அந்தப் பாழைக் காட்டியே வேலியை உயர்த்தினார்கள்.

வேலியை உடைக்க முனைந்தவர்களுள் ஒருவர் கார்ல் ஹான்ஸ்பெரி. மறைக்காமல் சொல்லிவிடுவோம்: இவரும் வீடுகளைச் சிற்றறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டுப் பொருள் சேர்த்த கறுப்பரே. வரலாறு நமக்கு வேண்டிய வார்ப்பில் வீரர்களை வார்த்துத் தருவதில்லை. 1937-இல் அவர் வாஷிங்டன் பூங்கா வட்டாரத்தில், தெற்கு ரோட்ஸ் சாலை 6140-ஆம் எண் வீட்டை வாங்கினார். கும்பல் கூடிற்று. சாளரத்தின் வழியே பறந்து வந்த கல், அவருடைய சிறு மகளின் தலைக்கு அருகே போயிற்று. இரவெல்லாம் தாய் துப்பாக்கியோடு காவல் இருந்தாள். மாநில நீதிமன்றங்கள் ‘வெளியேறு’ என்றன. அந்த உடன்படிக்கை செல்ல 95 விழுக்காட்டு வீட்டுக்காரர் ஒப்பமிட்டிருக்க வேண்டும். ஒப்பமிட்டவரோ ஏறத்தாழ 54 விழுக்காடு! பொய்யில் நின்றது பத்திரம். 1940 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால், நிற உடன்படிக்கை தவறு என்று அது சொல்லவில்லை. முந்தைய வழக்கொன்றின் முடிவு இவரைக் கட்டாது என்று மட்டுமே சொல்லிற்று. நீதிமன்றங்கள் இத்தகைய பத்திரங்களுக்குத் துணைபோகலாகாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. அதைக் காண ஹான்ஸ்பெரி இல்லை. குடும்பத்தை மெக்சிகோவுக்கே கொண்டுபோய்விடத் திட்டமிட்டிருந்த அவர், 1946-இல் அங்கேயே மறைந்தார்.

கல்லுக்குத் தப்பிய அந்தச் சிறுமிதான் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. 1959 மார்ச்சில் நியூயார்க் பிராட்வே அரங்கில் ஏறிய ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ நாடகத்தை எழுதியவர். பிராட்வேயில் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் மேடையேறியது அதுவே முதல்முறை. அதில் வரும் முதிய தாய், கணவனின் காப்பீட்டுப் பணத்தில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள். ஏன் அங்கே? வெள்ளையரோடு வாழும் ஆசையா? இல்லை! கையிலுள்ள காசுக்கு நல்ல வீடு அங்கேதான் கிடைத்தது. கறுப்பருக்கென்று தொலைவில் கட்டிய வீடுகளின் விலை இரு மடங்கு. எத்தனையோ மேடை முழக்கங்கள் செய்யாததை, ஒரு கிழவியின் சிக்கனக் கணக்கு செய்துவிடுகிறது.

உடன்படிக்கை ஓய்ந்த பிறகும் வேலி விழவில்லை. 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுக்கடன் நிர்வாகம், கறுப்பர் வாழும் பகுதிகளில் கடனுக்கு உறுதியளிக்க மறுத்து வந்தது. வங்கிக் கதவு மூடியதும் வணிகச் சூதாடி கதவைத் திறந்தான். ‘கறுப்பர் வருகிறார்கள்’ என்று வெள்ளையரை வெருட்டி மலிவாக வாங்கிய வீட்டை, பெரும்பாலும் இரு மடங்கை நெருங்கிய விலைக்குக் கறுப்பருக்குத் தவணை ஒப்பந்தத்தில் விற்றான். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். 1950-களிலும் 60-களிலும் இவ்வகையில் சிகாகோவின் கறுப்பர் இழந்த தொகை 300 முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங், நகரின் மேற்புறத்து லான்டேல் பகுதியில், தெற்கு ஹாம்லின் சாலை 1550-ஆம் எண் கட்டடத்தில் குடிபுகுந்தார். வருபவர் யார் என்று தெரிந்ததும், வீட்டுக்காரர் அவசர அவசரமாக ஆள் விட்டு வண்ணம் பூசினாராம்! நான்கு அறைகளுக்கு மாதம் 90 டாலர். வெள்ளையர் வட்டாரங்களில் ஐந்தரை அறை கொண்ட நல்ல வீடு 80 டாலருக்கும் குறைவு என்பதைக் கிங் எடுத்துக்காட்டினார். கறுப்பன் கொடுக்கும் நிறவரி அது என்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் வெள்ளையர் பகுதியில் வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் நடத்தியபோது, கல்லெறி பட்டு மண்டியிட்டு விழுந்தார். வீட்டுரிமைச் சட்டம் ஒப்பம் பெற்றது 1968 ஏப்ரல் 11. கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

சட்டம் வந்த அதே ஆண்டில், தவணை ஒப்பந்தத்தில் சிக்கிய லான்டேல் மக்கள் சங்கம் கூட்டிப் பணம் கட்ட மறுத்தனர். சிலர் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதச் செய்தனர். சிலரின் தட்டுமுட்டுகள் தெருவில் வீசப்பட்டன. கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகள் தோற்றன. கிங் குடியிருந்த கட்டடமும் பின்னாளில் இல்லாமற் போயிற்று. வெறும் மனையாய்க் கிடந்த அந்த 1550-ஆம் எண் இடத்தில், 2011-இல் எளியவர்க்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதில் 45 வீடுகள்.