மூன்று நாள் முந்திய மரணம்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நம் மனத்தில் எழுபவை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் அவற்றை மனனம் செய்து ஒப்புவிப்பதை நான் பலகாலம் கேட்டு வந்திருக்கிறேன். சகோதரத்துவம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர்கள் ஷெனியே சகோதரர்கள். அவர்களுள் மூத்தவன் அந்திரே ஷெனியே, கவிஞன். இளையவன் மரி ஜோசப், நாடகாசிரியன். புரட்சி அரசின் சட்டமன்றமாகிய கொன்வென்சனில் உறுப்பினனும் ஆவான்.

அந்திரே 1762 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் பிறந்தவன். தாய்வழியே கிரேக்கப் பண்பாட்டின் வாசனை அவனுக்கு வாய்த்தது. புரட்சியை அவன் முதலில் மகிழ்வோடு வரவேற்றான். ஆனால் தெருக்கூட்டத்தின் கோபமே சட்டமாகிவரக் கண்டபோது, 1791, 1792 ஆம் ஆண்டுகளில் பத்திரிகைகளில் ஜக்கோபின் கட்சியினரைக் கண்டித்து எழுதத் தொடங்கினான். மன்னராட்சியின் கொடுமையை வெறுத்தவன் புதிய கொடுமையையும் வெறுத்தான். அவ்வளவே அவன் செய்த குற்றம்.

1794 மார்ச் 7 ஆம் நாள், பாரிசை அடுத்த பாசி என்னும் ஊரில், வேறொருவரைத் தேடி வந்த அதிகாரிகள் சந்தேகத்தின் பேரில் இவனைப் பிடித்துச் சென்றனர். அடைத்த இடம் சென் லசார் சிறை. அங்கே அவன் ஒடுங்கிய காகிதத் துண்டுகளில் நுண்ணிய எழுத்தில் கவிதைகள் எழுதினான். சலவைக்குப் போகும் துணிகளுக்குள் மறைந்து அவை தந்தையின் வீட்டை அடைந்தன. உடன் சிறையிருந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி அவன் பாடிய 'இளங்கைதி' என்ற கவிதை இன்றும் பிரெஞ்சு மாணவர் அறிந்த ஒன்று. அப்பெண் உயிர் தப்பினாள். சிறையிலேயே இருந்த சுவே என்ற ஓவியர் அந்திரேயைத் தீட்டிய படமும் எஞ்சியிருக்கிறது.

இனி அந்த நீதிமன்றைப் பார்ப்போம். புரட்சி நீதிமன்று 1793 மார்ச்சில் நிறுவப்பட்டது. அதை அமைக்க முன்னின்று வாதாடிய தாந்தோன் மறுஆண்டு ஏப்பிரலில் அதே மன்றில் மரண தண்டனை பெற்றான். 1794 யூன் 10 ஆம் நாள் கொண்டுவரப்பட்ட சட்டம், இருந்த சிறிது பாதுகாப்பையும் பறித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லை. யூரிமாரின் மனச்சாட்சிக்குத் திருப்தியானால் சாட்சிகளை விசாரிக்கவும் வேண்டியதில்லை. தீர்ப்பு இரண்டே: விடுதலை, அல்லது மரணம். 1791 இல் மரண தண்டனையையே ஒழிக்கவேண்டும் என்று பேசிய ரொபெஸ்பியர்தான் இச்சட்டத்துக்குத் துணைநின்றவர் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பைவிட அச்சமே மேலிடுகிறது.

ஒரு தமிழாசிரியனுக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவது இயல்பு. கோவலன் விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். ஆயினும் பாண்டியன் அவையில் கண்ணகி பேச இடமிருந்தது; சிலம்பை உடைத்துக் காட்ட வழியிருந்தது. யூன் 10 ஆம் நாட் சட்டம் அடைத்தது அந்த வாயிலைத்தான்.

சிறைகளுக்குள்ளே சதி நடக்கிறது என்றொரு கதை கட்டப்பட்டது. உளவு சொன்ன கைதிகளின் துணையோடு பெயர்ப்பட்டியல்கள் தயாராயின. அந்திரேயின் குற்றப்பத்திரிகையில் இராணுவத்திலிருந்த இன்னொரு சகோதரனின் செயல்களும் கலந்திருந்தன! வழக்குத்தொடுநர் ஃபூக்கியே தென்வில்லின் காரியாலயம் எவ்வளவு அவசரத்தில் இயங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? யூலை 25 ஆம் நாள் அவனும் கவிஞர் ரூஷேயும் வேறு பலரும் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். ரூஷே, அடம் சிமித்தின் பொருளியல் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். அந்திரேக்கு வயது 31. யூன் நடுப்பகுதியிலிருந்து யூலை 27 வரை அச்சதுக்கத்தில் கொல்லப்பட்ட 1,306 பேரின் உடல்கள் பிக்பூஸ் என்னுமிடத்தில் இரண்டு பெருங்குழிகளில் கிடக்கின்றன.

மூன்று நாள் கழித்து ரொபெஸ்பியரும் அதே கருவியின் கீழ் தலைசாய்ந்தார். அவருக்கும் விசாரணை இல்லை. சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தபின் ஆள் இவர்தானா என்று உறுதிசெய்தார்கள், அவ்வளவுதான். விந்தை யாதெனில், ஃபூக்கியேக்கு மட்டும் 1795 இல் சாட்சிகளோடு ஒரு மாதத்துக்கு மேல் வழக்கு நடந்தது. பிறருக்கு அவர் மறுத்ததை அவர் பெற்றார். அது சரியே என்பது என் எண்ணம். அவ்வாண்டு மே 7 இல் அவரும் கொல்லப்பட்டார்.

மரி ஜோசப்பின் கதை இதனினும் துயரமானது. அண்ணனைக் காப்பாற்றாத தம்பி என்று பகைவர்கள் அவனைத் தூற்றினார்கள். காயீன் என்றே அழைத்தார்கள். கொடுங்கோலனான சகோதரனைக் கொல்லச் சம்மதிக்கும் ஒருவனைப் பற்றி, 'திமோலியோன்' என்ற நாடகத்தை அவன் முன்பே எழுதியிருந்தான் என்பது விதியின் குரூரம். ஆனால் அந்நாடகமே புரட்சி அரசின் தடைக்கு உள்ளாகியிருந்தது. அவன் தலையும் பாதுகாப்பாக இருக்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் அண்ணனின் பெயர் இன்னும் விரைவாக நினைவுக்கு வந்திருக்கும். பட்டியலில் மறக்கப்பட்டுக் கிடப்பதே அன்று பிழைக்கும் வழி. எனவே அவனைப் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. 1795 தொடக்கத்தில் 'இளங்கைதி' அச்சேறியது. தொகுப்பாக அந்திரேயின் கவிதைகள் வெளிவந்தது 1819 இல். உயிரோடிருந்தபோது அவன் அச்சிற் கண்டவை இரண்டே கவிதைகள்.

1825 இல் ருஷ்யாவில் புஷ்கின் அவனைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். தணிக்கையாளர் அதில் ஒரு பகுதியை வெட்டினர். வெட்டப்பட்ட வரிகள் கையெழுத்துப் படிகளாக உலாவின. அவ்வாண்டு டிசம்பர்க் கிளர்ச்சியைப் பாடியவை என்று யாரோ தலைப்பிட்டுவிட்டார்கள். அவை பிரெஞ்சுக் கவிஞனைப் பற்றியவை, கிளர்ச்சிக்கு முன்பே எழுதப்பட்டவை என்று புஷ்கின் ஜார் அரசின் அதிகாரிகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.