காவிரிக்கரையில் புலி: பேர் இருக்கு, வழி இருக்கா?

ஜீயபுரத்தில் யாரிடமாவது "இங்கே புலி உண்டா?" என்று கேட்டால் சிரிப்பாங்க. ஆறு, வாழை, நெல்லு, கரூர் ரோடு, ரயில் பாதை. இதுக்கு நடுவில் புலிக்கு என்ன வேலை? ஆனால் வரலாறு தேடுகிறவனுக்கு இந்த வட்டாரத்தில் திரும்பின பக்கமெல்லாம் புலிதான். கிழக்கே உறையூர், சோழர் கொடியில் புலி. வடகரையில் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர், 13ஆம் நூற்றாண்டில் போசளர் இருந்து ஆண்ட ஊர். அவர்கள் சின்னத்தில் ஒரு வீரன் விலங்கோடு பொருதுகிறான். அது புலியா சிங்கமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இன்னும் வடக்கே திருப்பட்டூரில் புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர்.

ஊர்ப்பேரில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கணும். கொல்லிமலை அடிவாரப் புளியஞ்சோலையை ஆங்கில எழுத்தில் படித்துவிட்டுப் புலியாக்கி விடுகிறார்கள். அது புளியமரச் சோலை. துறையூர் ரோட்டுப் புலிவலத்தில் எழுத்திலேயே புலி இருக்கு. ஆனாலும் பேரை மட்டும் வைத்துக் காட்டை வரைந்துவிட முடியாது. கல்தான் நல்ல சாட்சி. கொங்கு நாட்டில் புலியோடு போராடி இறந்தவர்களுக்கு நட்ட புலிக்குத்திக் கற்கள் உண்டு. பட்டியும் காடும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன.

அந்தப் புலியெல்லாம் எங்கே போச்சு? முதல் பதில், துப்பாக்கியும் பரிசுப்பணமும். வெள்ளைக்காரன் ஆட்சியில் புலியைக் கொன்றால் அரசே பணம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரையான 50 ஆண்டுகளில் 80,000க்கு மேல் புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். இரண்டாவது பதில், காடு துண்டானது. தேயிலைத் தோட்டம், ரயில், ரோடு, அணை என்று ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணை நம்ம வயலுக்குத் தண்ணி கொடுத்தது. கூடவே ஒரு பள்ளத்தாக்கையும் மூழ்கடித்தது. ஆற்றங்கரைக்காரர்கள் நாமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973இல் புலிகள் திட்டம். 2006 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,411 புலிகள் என்று மதிப்பிட்டார்கள். 2022இல் 3,682; தமிழ்நாட்டில் மட்டும் 306. அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம்.

கவலை எண்ணிக்கையில் இல்லை, வழியில் இருக்கு. ஆண்குட்டி வளர்ந்ததும் தாயை விட்டுப் போய்த் தனக்கென்று ஒரு காட்டைப் பிடிக்கணும். போக வழி இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே இனம் பெருகும். ஒடிசாவின் சிமிலிபாலில் கறுப்புப் புலிகள் இருக்கே, பார்க்க அழகுதான். ஆனால் ஒதுங்கிப்போன சின்னக் கூட்டத்தில் ஒரு மரபணு மாற்றம் பரவியதன் அடையாளம் அது என்று பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள்.

வழி தவறினாலும் சிக்கல்தான். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை தென்பட்டது. நெல் விளையும் டெல்டாவில் கூண்டும் கேமராவும் வைத்துத் தேடினார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பிறகு அரியலூர்ப் பக்கம் பார்த்ததாகச் செய்தி. பிடிபடவே இல்லை.

வழி என்றால் என்ன என்று ஜீயபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனியில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் இங்கே எழுந்தருளும்போது வழியிலுள்ள ஊர்கள் ஒதுங்கி இடம் விடுகின்றன. ரோடு யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

இதே காவிரியின் மேல்பகுதியில் அப்படியொரு வழியைத் திரும்பத் தைக்கும் வேலை நடக்கிறது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. தெற்குச் சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டர். வடக்குச் சரணாலயத்தைக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு சேர்க்கிறது.

தைக்கிற ஊசி யாரையாவது குத்தத்தான் செய்யும். 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தும்படி 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சத்தியமங்கலம் புலிகளுக்கு அது நிம்மதி. காய்கறியைக் கீழே சந்தைக்கு இறக்கும் தாளவாடி விவசாயிக்கு அது அடிவயிற்றில் அடி. அவர்கள் போராடிய பிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வு கிடைத்தது.

என் கருத்து இதுதான்: அந்தக் காலத்தில் புலியைக் குத்தி இறந்தவனுக்கு ஊரே கல் நட்டது. இப்போது புலிக்காக நஷ்டப்படுகிறவனுக்கு நாம் கல் நட வேண்டாம். அவன் பறிகொடுத்த மாட்டுக்கான பணம் அலையவிடாமல் கைக்கு வரணும், ரோட்டை மூடுவதற்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை கேட்கணும். அவன் மனசு வைக்காமல் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் எந்த வழியும் நிலைக்காது.