கண்மாய் அலையும் காந்தக் கணக்கும்

போன ஐப்பசியில ஊருக்குப் போயிருந்தேன். இளையரசனேந்தல் கரிசல் பூமி. கண்மாயில தண்ணி கிடந்தாலே விசேஷம்தான். கரையில உக்காந்து ஒரு கல்லை வீசினேன். வட்டம் வட்டமா அலை கிளம்பி, கொஞ்ச நேரத்துல காணாமப் போச்சு. அலைன்னா அப்படித்தானேங்கறீங்களா?

1834ல ஸ்காட்லாந்து எஞ்சினியர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் வேற மாதிரி ஒண்ணைப் பார்த்தார். எடின்பர்க் பக்கத்துல, கால்வாயில குதிரை இழுத்துட்டு வந்த படகு சட்டுனு நிக்க, முன்னால திரண்ட தண்ணி மட்டும் ஒத்தை மேடா உருக்குலையாம ஓடுச்சு. மனுஷன் குதிரையில ஏறித் துரத்தியிருக்கார்! 1895ல கோர்ட்டெவெக், டி விரீஸ் இதுக்குச் சமன்பாடு எழுதினாங்க. 1965ல ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் கம்ப்யூட்டர்ல ஓடவிட்டா, ரெண்டு அலை மோதிக்கிட்டும் பழைய உருவத்தோடவே வெளிய வருது. சாலிட்டான்னு பேர் வச்சாங்க.

ஏன் சிதையலை? 1968ல பீட்டர் லாக்ஸ் விளக்கினார். சமன்பாட்டுக்குப் பின்னால ரெண்டு ஆபரேட்டர் ஒளிஞ்சிருக்கு. பனியன் மேல சட்டையும் சட்டை மேல பனியனும் ஒண்ணா? அதுமாதிரி இங்கயும் வரிசை மாறினா விடை மாறும். அந்த வித்தியாசமே முதல் ஆபரேட்டர் மாறுற வேகமா அமைஞ்சா, அதோட ஐகன் மதிப்புகள் மட்டும் மாறவே மாறாது. அலையோட உயரமும் வேகமும் அந்த எண்களுக்குள்ள பத்திரமா இருக்கு.

நான் எம்.எஸ்சி. படிச்சப்ப இந்தக் குதிரைக் கதையைச் சொன்னாங்க. ஒரு ராத்திரி பஸ் தூரத்துல, திருச்சியில இருந்த ஆளைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை. அது இன்னிக்கும் எனக்கு ஆதங்கம்தான்.

அவர் முத்துசாமி லட்சுமணன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எம்.மாத்யூஸிடம் ஆராய்ச்சி செய்தவர். பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பேராசிரியர். காந்தத்துக்குள்ள வரிசையா நிக்கிற ஸ்பின் ஒவ்வொண்ணையும் குட்டி அம்பா நினைச்சுக்குங்க. அந்த அம்புகளை, அசையுற ஒரு கயிறோட தொடுகோடுகளா அவர் எடுத்துக்கிட்டார். கயிறோட வளைவையும் முறுக்கையும் சேர்த்து எழுதினா, நேரிலா ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து நிக்குது! அதையோ ஸகாரோவும் ஷபாத்தும் 1972லயே தீர்த்தாச்சு. ஆக, காந்தமும் வழிக்கு வந்துடுச்சு. இது 1977ல. அதே வருஷம் லெனின்கிராட்டின் தக்தாஜனும் ஆபரேட்டர் வழியிலேயே நேரடியா இதைத் தீர்த்தார்.

1997ல ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியெட்டரின்டா மூணு பேரும் ஒளியிழைக் கணக்கு ஒண்ணைக் கிண்டினாங்க. ரெண்டு பாகம் உள்ள சாலிட்டான்கள் மோதினா, ஒவ்வொண்ணோட மொத்த ஆற்றலும் அப்படியே இருக்கு. ஆனா பாகங்களுக்குள்ள பங்கு மாறிடுது. மறுவருஷமே அமெரிக்காவுல ஜகுபோவ்ஸ்கி, ஸ்டைக்லிட்ஸ் குழு, இந்த மோதலை வச்சே கம்ப்யூட்டர் மாதிரி கணக்குப் போடலாமேன்னு கிளம்பிட்டாங்க.