202ஆவது சுற்று

1963 டிசம்பர் 1. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரில் அரை மைல் நீளமுள்ள ஒரு மண்தடம். 200 சுற்றுகள் கொண்ட கார் பந்தயத்தில் 25 சுற்றுகள் எஞ்சியிருந்தபோது, 34 என்ற எண் தாங்கிய செவர்லே கார், பழுதுற்று வேகம் குன்றிய ரிச்சர்ட் பெட்டியின் காரை முந்தியது. அதை ஓட்டியவர் வெண்டல் ஸ்காட். 200ஆவது சுற்றை அவர் முடித்தபோது அவருக்காகக் கொடி அசையவில்லை. 201ஆவது சுற்றையும் ஓடினார், 202ஆவதையும் ஓடினார். வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவரோ பக் பேக்கர். மேடையும் கோப்பையும் அவருக்கே சென்றன.

ஸ்காட் கறுப்பினத்தவர் என்பதை அறிந்தாலன்றி இந்நிகழ்ச்சி விளங்காது.

ஸ்டாக் கார் என்பது, தொடக்கத்தில், கடையில் விற்கும் சாதாரணக் காரைப் பந்தயத்திற்கென வலுவேற்றி ஓட்டுவதாயிருந்தது. அதன் வேர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கள்ளச்சாராயத் தொழிலில் உள்ளன. வரிக்குத் தப்பிய சாராயத்தை இரவில் ஏற்றிச் செல்வோர், காவலர்களை விஞ்சும் பொருட்டுத் தம் கார்களின் இயந்திரங்களைத் திருத்தினர். அத்திறனே பின்னர் பந்தயமாயிற்று. 1948இல் நாஸ்கார் அமைப்பு உருவாகி அதற்கு விதிகள் வகுத்தது. ஆனால் அந்நாளைய தென்மாநிலங்களில் நிறப் பிரிவினையே எழுதப்பட்ட சட்டம்.

1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியாவின் டான்வில் நகரில் பிறந்தவர் ஸ்காட். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வாகனங்களைப் பழுதுபார்த்தார். ஊர் திரும்பியபின் பட்டறை நடத்தினார், சாராயமும் கடத்தினார். 1952இல் டான்வில் பந்தய அமைப்பாளர்கள், கறுப்பின ஓட்டுநர் ஒருவரைக் களமிறக்கினால் கூட்டம் சேரும் என்று கணக்கிட்டனர். அத்தகையவர் யார் என்று அவர்கள் விசாரித்தது காவல்துறையிடம்! பலமுறை துரத்திக் களைத்த காவலர்கள் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள்.

வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர், ஓட்டுநராகவே நிலைத்துவிட்டார். நாஸ்கார் நடத்திய பந்தயங்களுக்குச் சென்றபோது நிறத்தைக் காரணம் காட்டி இருமுறை திருப்பியனுப்பப்பட்டார். அவ்வமைப்பைச் சாராத சிறு தடங்களில் ஓடிப் பெயர் பெற்றபின், ரிச்மண்டில் ஓர் அதிகாரியிடம் நேரில் கேட்டு உரிமம் பெற்றார். 1959இல் வர்ஜீனியா மாநில அளவில் பட்டம் வென்றார். 1961இல் நாஸ்காரின் உயர்நிலைப் பந்தயங்களில் நுழைந்தார். முன்னணி ஓட்டுநர்களுக்குக் கார் நிறுவனங்களின் பணமும் தேர்ந்த பணியாளர்களும் துணை நின்றனர்; ஸ்காட்டுக்குத் துணை நின்றோர் அவருடைய பிள்ளைகள். ஜாக்சன்வில்லில் அவர் ஓட்டிய கார்கூட நெட் ஜாரெட் என்ற ஓட்டுநரிடமிருந்து வாங்கிய பழைய கார்.

அக்காலத்தில் சுற்றுகளை எண்ணியது கருவியன்று, மனிதர். தடத்தோரம் அமர்ந்தோர் ஒவ்வொரு முறையும் கார் கடப்பதைக் கண்டு அட்டையில் குறித்துக்கொள்வர். ஆகவே பிழை நேர்வது இயல்பே. எண்ணிக்கைத் தவறு என்றே அதிகாரிகளும் விளக்கினர். ஸ்காட் அதனை ஏற்கவில்லை. வென்றவரை அழகுராணி முத்தமிட்டுப் பாராட்டுவது அக்கால வழக்கம். வெள்ளையினப் பெண் அருகே கறுப்பின ஆண் நிற்கும் காட்சியைத் தவிர்க்கவே இவ்வாறு செய்தனர் என்பது அவர் கருத்து. இரண்டு மணி நேரம் கழித்து அட்டைகள் மறுபடி சரிபார்க்கப்பட்டன. ஸ்காட்டே வென்றவர், அதுவும் இரண்டு சுற்று முன்னிலையில், என்று உறுதியாயிற்று. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கோப்பையும் பேக்கருடன் போய்விட்டது.

ஆவணத்தை மட்டும் காண்போர்க்கு அந்த இரண்டு மணி நேரம் தெரியாது. பட்டியலில் வெற்றி ஸ்காட்டின் பெயரில்தான் உள்ளது. ஆனால் வெற்றி என்பது பட்டியலில் ஒரு வரி மட்டுமன்று. பிறர் காண நிற்பதும் அதன் பகுதி. அன்று மறுக்கப்பட்டது அதுவே.

1966இல் ஆண்டுத் தரவரிசையில் ஆறாமிடம் பெற்றார். 1973இல் டல்லடேகா தடத்தில் பல கார்கள் மோதிய விபத்தில் கடுங்காயமுற்றார். அவருடைய பந்தய வாழ்வு அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. 495 பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது 147 முறை. வெற்றி ஒன்றே ஒன்று. 1990இல் காலமானார்.

2015இல் நாஸ்காரின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 28 அன்று, அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், டேட்டோனா தடத்தில் நாஸ்கார் அவர் குடும்பத்தாரிடம் கோப்பையை வழங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, ஸ்காட்டை வீழ்த்திய அதே டல்லடேகாவில், பப்பா வாலஸ் வென்றார். உயர்நிலைப் பந்தயம் ஒன்றில் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் அவர். இருவர் வெற்றிக்கும் இடையே ஏறத்தாழ 58 ஆண்டுகள்.

கணக்கைத் திருத்த இரண்டு மணி நேரம் போதுமாயிருந்தது. கோப்பையைக் கொடுக்க மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.