ஏட்டில் முதற்பெயர்



பெரட்டுக்களத்தில் கிராணியார் பெயர் வாசித்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏட்டில் பெயர் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் கூலி. இன்று நாம் பேசப்போவதும் ஓர் ஏட்டைப் பற்றித்தான். அது 1780-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட கிறிஸ்தவ சபைப் பதிவேடு. அதில் நாற்பது பேர். முதற்பெயர் ஒரு பெண்ணுடையது: குளோரிந்தா.

யார் இந்த அம்மையார்? தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமண குலத்து விதவை. கணவனை இழந்த பெண்ணுக்கு அந்நாளில் நல்ல காரியங்களில் இடமில்லை. லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி அவருக்கு ஆதரவு தந்தார். கிறிஸ்தவ வேதத்தையும் கற்பித்தார். இருவரும் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தனர்.

குளோரிந்தா ஞானஸ்நானம் கேட்டார். ஜெர்மானியப் போதகரான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். மணமில்லாத அந்த வாழ்க்கையே காரணம். மணம் செய்யாதவர் இருவர். ஆனால் வாசலில் காத்து நின்றவர் பெண் ஒருவரே! அப்படியும் அவர் ஜெபத்தைக் கைவிடவில்லை. தாம் கற்றதை அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுத்தார். அதிகாரி காலமான பிறகு, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரே பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அதன்பின் அம்மையார் சும்மா இருக்கவில்லை. அவருடைய முயற்சியால் எழும்பிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அ. மாதவையா 1915-இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்பது கிறிஸ்தவ வேதத்தின் முதல் ஏட்டிலேயே உள்ள போதனை. ஆனால் குலமும் சபையும் அந்தப் பெண்ணை அளந்தது எதை வைத்து? ஒன்று, இறந்துபோன கணவனை வைத்து. மற்றொன்று, கூட வாழ்ந்த அதிகாரியை வைத்து. அவருடைய சொந்த விசுவாசத்தை வைத்து அளக்க நெடுநாள் பிடித்தது.

இன்னொன்றையும் நாம் நினைக்க வேண்டும். அந்த ஆலயத்தை மக்கள் அழைக்கும் பெயர் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. அவர் விரும்பி ஏற்ற பெயரை மறந்து, பிறந்த குலத்தையே ஊர் நினைவில் வைத்தது.

நேயர்களே, நம் வீட்டுப் பெண்களை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே அறிமுகம் செய்கிறோம். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைப்போமாக!