விமானி அறையில் அவசரம்



நம் அரியலூரின் பெயர் இந்திய வரலாற்றில் இடம் பெற்றது ஒரு துயரத்தால்தான். 1956 நவம்பர் 23 அன்று, கடும் மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். வண்டியை ஓட்டியவர் அவரல்ல. பாலத்தைக் கட்டியவரும் அவரல்ல. ஆனாலும் பொறுப்பு மேலிடம் வரைக்கும் போகும் என்று அவர் நினைத்தார்.

இதை ஏன் நினைவுபடுத்துகிறேன் என்றால், இப்போதெல்லாம் ஒரு விமான விபத்து நடந்தால் மறுநாளே "பைலட் தப்பு" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறோம். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அநேகம் பேர் திருச்சி விமான நிலையத்தில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்கூட.

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், திருச்சி ஓடுபாதையின் முடிவில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே ஏறியது! விமானிகளுக்கு அது தெரியவில்லை. அடிவயிறு கிழிந்த விமானம் சில மணி நேரம் பறந்து, கடைசியில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் வெளிவந்த விஷயம் என்ன? ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னால் சரிந்தது. அந்தத் தடுமாற்றத்தில் அவரை அறியாமலே இன்ஜின் விசை குறைந்துவிட்டது. அது இருவர் கவனத்திற்கும் வரவில்லை.

பக்கத்திலேயே மீட்டர் இருக்கிறதே, பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். சும்மா உட்கார்ந்து யோசிக்கிற நமக்கு அது சுலபம். மனித மூளை ஒரு நேரத்தில் சில விஷயங்களைத்தான் தாங்கும். வேலை குவிந்து நேரம் குறையும்போது கண் திறந்திருந்தாலும் பார்வை குறுகிவிடும். மனசு ஏற்கெனவே எடுத்த முடிவையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு 1977 மார்ச் 27-ல் உலகமே பெரிய விலை கொடுத்தது. ஸ்பெயினின் டெனரீப் தீவில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். டச்சு விமானத்தின் கேப்டன் மிகுந்த அனுபவசாலி. ஆனால் பணிநேர வரம்பு முடியப் போகிறது, தாமதமானால் அங்கேயே தங்க வேண்டும் என்ற நெருக்கடி. கிளம்ப அனுமதி வருமுன்பே விமானத்தை ஓட்டத் தொடங்கினார். மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பிளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். கேப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன் பிறகுதான், கீழே இருப்பவர் தைரியமாகப் பேசவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. இருந்தும் 2010 மே 22 அன்று மங்களூரில் கேப்டன் இறங்கியே தீருவது என்று இருந்தார். துணை விமானி மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 158 பேர் இறந்தனர். எட்டே பேர் பிழைத்தனர்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை இரவு. முதல் முயற்சியில் கேப்டன் பக்கத்து வைப்பர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. இரண்டாவது முறை பின்காற்றோடு வந்த விமானம், 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் தரை தொட்டது. பிறகு பள்ளத்தில் விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். மேலே எழும்பச் சொன்ன துணை விமானியின் குரல் எடுபடவில்லை. விசாரணை அறிக்கை கேப்டனின் பிழையைச் சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை அவரே ஓட்ட வேண்டியிருந்தது, அங்கே போதிய கேப்டன்கள் இல்லை, அதனால்கூட எப்படியாவது அங்கேயே இறங்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம் என்றது. அவசரம் கேப்டனிடம் மட்டும் இல்லை. பணிப் பட்டியலிலும் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் சிமென்ட் ஆலையிலும் மின் நிலையத்திலும் கட்டுமானத் தளத்திலும் வேலை பார்க்கிறோம். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிச்சாகணும்" என்று நமக்கும் சொல்வார்கள். நாமும் பிறருக்குச் சொல்வோம். அப்போது ஒரு ஜூனியர் பையன் வந்து, "சார், இது சரியில்லையே" என்றால், உடனே கையை நிறுத்துங்கள். அவன் சொன்னது தப்பாகவே இருந்தாலும், அடுத்த முறையும் சொல்லும்படி அவனிடம் பேசுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சீனியர் கோபித்துக்கொள்வாரே என்று சந்தேகத்தை விழுங்கிவிடாதீர்கள். தெளிவாகக் கேளுங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.